மீனில்லாத பத்தியம்

தங்கச்சி பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த கிழமையில்தான் அவள் புருஷன் குசினிக்குள் சட்டம் போட்டார். இனி இந்த வீட்டில் மீன், இறைச்சி, முட்டை, பால் எதுவும் இல்லையாம். பூமி சூடாகிறதாம். பூமியை விட எனக்குத்தான் அப்போது கூடச் சூடேறியது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பது வழக்கம். குருக்கள்மடத்தில் உள்ள இந்த வீடும் தங்கச்சிக்குச் சீதனமாக எழுதியது. அக்கா நான் பக்கத்து வளவில் இருக்கிறேன். அம்மா இல்லாதபடியால் பத்தியம் காய்ச்சுவது என் பொறுப்பு. பிள்ளை பெற்றவளுக்கு இங்கே சரக்கரைத்த கறிதான். மிளகு, மல்லி, உள்ளி, இஞ்சி எல்லாம் அம்மியில் அரைத்து, பால்சுறாவோ வாவியில் பிடித்த சின்ன மீனோ போட்டுக் காய்ச்சுவோம். அதைச் சாப்பிட்டால்தான் பால் சுரக்கும் என்பது எங்கள் நம்பிக்கை.

தங்கச்சியின் புருஷன், எனக்கு மச்சான், மட்டக்களப்பு டவுனில் ஒரு சுற்றுச்சூழல் திட்டத்தில் வேலை செய்கிறார். கெட்ட மனிதர் இல்லை. கொழும்பில் பயிற்சிக்குப் போய் வந்த பிறகு ஃபோனும் கையுமாகவே இருந்து ஆள் மாறிப்போனார்.

"மாட்டிறைச்சிக்காக உலகத்தில எவ்வளவு காடு அழியிது எண்டு தெரியுமா மச்சாள்?"

"இந்த வீட்டில ஆர் மச்சான் மாடு தின்ற?"

மாட்டை விட்டார். மீனுக்குத் தாவினார். வாவியில் தங்கூசி என்கிற நைலோன் வலை போட்டுக் குஞ்சுகளைக்கூட விடாமல் வாரி அள்ளுகிறார்கள் என்றார். அது உண்மை. நானும் அவர்களை ஏசியிருக்கிறேன். அப்படியென்றால் அந்த வலைக்காரரிடம் போய்ச் சண்டை பிடிக்க வேண்டியதுதானே! எழும்பி நடக்கவே தெம்பில்லாதவளின் சோற்றுக்கோப்பையில் கைவைப்பது என்ன வீரம்? எங்கோ யாரோ காடு வெட்டியதற்கு என் தங்கச்சிக்கா தண்டனை?

அதோடு விட்டாரா? கண்ணகை அம்மன் சடங்குக்கென்று மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் படாத சட்டி பானைகளைத் தனியாகக் கழுவி எடுத்து வைத்திருப்போம். வைகாசியில் கோயில் கதவு திறந்தால் ஊரே மரக்கறிதான். மீன்காரர்கூட இந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்பமாட்டார். அந்தச் சட்டிகளை மச்சான் இறக்கி அடுப்படியில் அடுக்கியிருந்தார். அதுவும் பிள்ளை பிறந்த துடக்கு, தீட்டு கழியாத வீட்டில்! அந்த நாட்களில் அந்தச் சட்டிகளுக்குக் கிட்டவே நாங்கள் போகமாட்டோம்.

"உங்களுக்குப் பழக்கம்தானே. அதையே வருஷம் முழுக்கச் செய்தாச் சரி" என்றார்.

அம்மனுக்காக நாங்களாக விடுவதும் இவர் பிடுங்கி எடுப்பதும் ஒன்றா? பிள்ளை பெற்றவளைக் காயப்போடச் சொல்லி எங்கள் அம்மன் ஒருநாளும் கேட்டதில்லை.

மீனுக்குப் பதிலாக சோயாமீற் பக்கற்றும், எந்த நாட்டிலிருந்தோ வந்த வாதுமைப் பால் பெட்டியும் வாங்கி வந்தார். அந்தப் பெட்டி எத்தனை கடல் தாண்டி வந்தது என்று கேட்டேன். தங்கச்சிக்கு சோயா வாசம் பிடிக்காமல் வெறுஞ்சோற்றை அளைந்துவிட்டு எழும்பினாள். பிள்ளை மார்பைச் சப்பிச் சப்பி அழுதது. வீட்டுக்கு வந்த மிட்வைஃப், தாய் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும், மீனும் முட்டையும் சேர்க்க வேண்டும் என்று மச்சான் முன்னாலேயே சொன்னார். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, பருப்பைக் கூட்டிப் போடச் சொன்னார்.

இனிப் பேசிப் பலனில்லை என்று, என் வீட்டு அடுப்பில் சின்ன மீன் வாங்கிச் சரக்கரைத்துக் காய்ச்சினேன். சோற்றில் ஊற்றிக் கொண்டுபோய்த் தங்கச்சியின் மடியில் வைத்தேன். மச்சானும் அங்கேதான் இருந்தார். அவள் கோப்பைக்குள் கை வைக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. தன் பேரில் எழுதிய வீட்டில், தன் சோற்றுக்கு, அவள் உத்தரவு கேட்டுக்கொண்டு இருந்தாள்.

"இது உன்ட வீடுகா. சாப்பிடு" என்றேன்.

"அவட விருப்பம்" என்றார் மச்சான், பெரிய மனது பண்ணிச் சொல்வதுபோல.

தங்கச்சி சோற்றைப் பிசையத் தொடங்கினாள்.

"விருப்பம் எண்டு ஒண்டுமில்ல" என்றாள், அவரைப் பார்க்காமலே. "எனக்குப் பசிக்கிது."