லுசாக்கா மாப்பிள்ளைக்குப் பெண் கேட்கப் போனது

“…அப்ப இந்தப் பெடியன் எங்கட பாசையைத்தான் கதைக்கிறான் எண்டு நீர் சொல்லுறீர். நானும் காது குடுத்துத்தான் கேட்டன். எங்கட பாசையின்ரை செருப்புச் சத்தம் வாசலிலை கேட்டது, ஓம். ஆனா ஆள் உள்ளுக்கை வரேல்லை.”

இப்படிச் சொன்னவர் ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்களெல்லாம் வந்து குடியேறிய இந்தக் குளிர் நாட்டில், மில்லிக்கன் என்ற இடத்தில், தங்கையின் மகளோடு இருந்தார். ஆங்கிலத்தில்தான் சொன்னார், என் மனதில் அது எங்கள் பேச்சாகவே நின்றுவிட்டது, அப்படியே எழுதுகிறேன். அவர் சொன்ன நேரம் நான் அவர் வீட்டு சோபாவில், மடியில் ஓர் அட்டைப்பெட்டியோடு இருந்தேன். பெட்டிக்குள் உயிரோடு ஒரு சேவல். பக்கத்தில் மாப்பிள்ளை வியர்த்துக்கொண்டிருந்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மார்க்கம் என்ற நகரத்தில் கணினிப் பாகங்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை எனக்கு. எதிரே நின்று அடுக்குகிறவன் இந்தப் பெடியன், சாம்பியாவின் லுசாக்கா நகரத்துக்காரன். அஜின்கோர்ட்டில் இருந்து என் காரில்தான் வருவான். எங்களோடு மேசையடியில் நின்று அடுக்கிய தமிழ் ஆட்கள் அவனுக்கு ‘அண்ணை’ என்ற சொல்லைப் பழக்கிவிட்டிருந்தார்கள். எனக்கோ ஊர் உலகத்துச் சொலவடை என்றால் பைத்தியம். காரில் ஏறினதும், “இண்டைக்கு என்ன புதுசு?” என்பேன். ஒருநாள், “ஒரு தலை கூரையைச் சுமக்காது அண்ணை,” என்றான். கூரையை நிலத்தில் வைத்துக் கட்டி, பலபேர் தலையில் தூக்கிப்போய்ச் சுவரில் ஏற்றுவார்களாம். நான் வாயைப் பிளந்து ரசித்து முடிக்குமுன், “நீங்கள் ஒரு தலை தரவேணும்,” என்றான்.

விஷயம் பெண். அவள் மலாவிக்காரி, அந்தத் தலைமை ஆசிரியரின் தங்கை மகள். அவர்கள் வழக்கத்தில் பெண் கேட்கும்போது மாப்பிள்ளை வாய் திறக்கக் கூடாது. அவனுக்காகப் பேச ஒருவர் வேண்டும். அவரை ‘ந்கோஸ்வே’ என்பார்களாம். தாய்மாமன்தான் அநேகமாக அந்த ஆள். பேச்சு முடிந்தால் சேவலும் கோழியும் கைமாறும். இவனுடைய மாமன்மார் எல்லாரும் லுசாக்காவில்.

“நான் ஏன்ரா?”

“வேலையிலை வாய் ஓயாத ஆள் நீங்கள்தான் அண்ணை.”

இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. இரண்டு பேரும் பேசுவது ஒரே பாசை. வெள்ளைக்காரன் குறுக்கே கோடு கிழித்ததில் அங்கால் மலாவியில் அதற்குச் சிச்செவா என்று பெயர், இங்கால் சாம்பியாவில் நியாஞ்சா. மொசாம்பிக் பக்கமும் ஒரு துண்டு போயிற்று. லுசாக்காச் சந்தையில் அதற்குள் ஆங்கிலமும் பெம்பா என்ற இன்னொரு பாசையும் விழுந்து கலந்துவிட்டன. வாழ்நாள் முழுக்க அந்தப் பாசையைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த மனிதருக்கு இது பொறுக்குமா? “உடுப்பு மாத்தலாம், வேலை மாத்தலாம், நாக்கை மாத்தேலாது,” என்று மருமகளிடம் சொல்லிவிட்டார். அவளும், மாமா ஓம் என்றால்தான் கலியாணம் என்று இவனிடம் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

எனக்குப் பெடியன் மேல் இரக்கம் வந்ததற்குக் காரணம் உண்டு. ஒருமுறை தமிழ்நாட்டு என்ஜினியர் ஒருவர் கடையில் என் பேச்சைக் கேட்டுவிட்டு, “சார், நீங்க மலையாளமா?” என்று கேட்டார். தமிழ்தான் என்றேன். “அப்படியா! நல்லாப் பேசுறீங்களே!” என்று பாராட்டிவிட்டுப் போனார்.

மார்க்கத்துக்கு வடக்கே ஒரு பண்ணையில் சேவல் வாங்கி, பெட்டிக்குத் துளை போட்டு, பின்சீட்டில் அதற்குப் பெல்ட்டும் கட்டிக்கொண்டு போனோம்.

நன்றாகத்தான் தொடங்கினேன். “உங்கட வீட்டிலை ஒரு கோழியைக் கண்டம், அதைக் கேட்டு வந்தம்,” என்றேன். அதுதான் அங்கே முறை. தலைமை ஆசிரியர் மகிழ்ந்துபோய், “வெளியாள்தான் கூர்க்கத்தியோடை வருவான் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம்,” என்றார். உள்ளாளால் ஆகாததை வெளியாள் முடித்துவைப்பான் என்று பொருளாம். அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எங்களில் கலியாணம் பேசப் போனவன் உள்ளதை மட்டும் சொல்லிவிட்டு வந்தால் ஊர் மதிக்குமா? பெடியன் குடிக்க மாட்டான் என்றேன். வருகிற மாதம் சூப்பர்வைசர் என்றேன். உற்சாகம் தலைக்கேறி, “உங்கட பாசையை மலாவி ஆக்களை விடச் சுத்தமாய்க் கதைப்பான்,” என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் நிமிர்ந்தார். வழக்கத்தைத் தள்ளி வைத்து, பெடியனிடமே, “எங்கை, கதையும் பாப்பம்,” என்றார். பெடியன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு ஐந்து நிமிடம் கதைத்தான். பாதி எனக்கே விளங்கியது: ஓவர்டைம், வீக்கெண்ட், டவுன் பேமென்ட். அதைக் கேட்டுத்தான் அவர் அந்தச் செருப்புக் கதையைச் சொன்னார்.

சமையலறையில் இருந்து பெண் எட்டிப் பார்த்தாள். “மாமா, எனக்கு அவர் சொல்லுறது வடிவா விளங்குது.”

“விளங்கும் பிள்ளை. அவன் இருமினாலும் உனக்கு விளங்கும்தான்.”

நான் எழும்பினேன். “ஐயா, பிழை என்ரை. எங்களிலை மாப்பிள்ளையைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுறது. அவன் கதைக்கிறது சந்தைப் பாசைதான். ஆனா உங்கட பிள்ளையைக் கேக்க அவனுக்கு இந்த நாட்டிலை என்னை விட்டா ஆளில்லை.”

“அதுதானே என்ரை மனவருத்தமும்!” என்று கத்தினார். “பெடியன் கிடக்கட்டும். என்ரை பிள்ளையைக் கேட்டு வந்த பக்கத்திலை ஒழுங்காக் கதைக்க ஒருத்தருமில்லை. அவளை உப்பிடியோ கேக்கிறது?”

எழுந்து வந்தார். எனக்கும் பெடியனுக்கும் நடுவில் இருந்துகொண்டார். பெட்டியை என் மடியில் இருந்து எடுத்துத் தன் மடியில் வைத்தார். எதிரே வெறுமையாய்க் கிடந்த தன் கதிரையைப் பார்த்து, தொண்டையைச் செருமி, தன் சுத்தமான பாசையில் பெண் கேட்கத் தொடங்கினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் அவ்வளவு பணிவு எனக்கு வராது. கேட்டு முடிந்ததும் பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு எழுந்துபோய்த் தன் கதிரையில் இருந்து, பெண்ணின் மாமனாய் முகத்தைக் கடுமையாக்கி, ஏதோ கேட்டார். திரும்பி வந்து எங்கள் பக்கத்துப் பதிலைச் சொன்னார். மறுபடி போனார். ஒரு கட்டத்தில் எங்கள் பக்கம் கோபப்பட்டது. அந்தப் பக்கம் சமாதானம் சொல்லிற்று. ஐந்தாம் முறை தன் கதிரையில் இருந்தபோது மருமகளைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அவள் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள். அவர் சம்மதமாய்த் தலையாட்டினார். பிறகு கடைசி முறையாக எங்கள் பக்கம் வந்து, முழங்காலை மடித்துக் குனிந்து, இரண்டு கைகளையும் குவித்து மெதுவாகத் தட்டி, அந்த வெறுங்கதிரைக்கு நன்றி சொன்னார்.