கல்லில் பெயர் வெட்டிக் கொடுத்த தண்ணீர்

நான் இருக்கும் ஊரில் இலையுதிர்காலம் வந்துவிட்டால் வீட்டு வாசல்களுக்கு வெளியே அட்டைப்பெட்டிகள் தோன்றும். நியூசிலாந்தின் வடக்குத் தீவில், பால்பண்ணைகளுக்கு நடுவே இருக்கிற சிறிய ஊர் இது. பெட்டிக்குள் ஃபிஜோவா என்ற பழம் நிறைந்திருக்கும். பச்சைத் தோல், சின்னக் கொய்யாவின் அளவு, வாசனை மட்டும் தெருமுனை வரை வரும். பெட்டியின் மேல் ‘ஃப்ரீ’ என்று ஒரே ஒரு சொல். கொடுப்பவர் யார் என்று எங்கும் எழுதியிருக்காது. வந்த புதிதில் நான்கு பழங்களை எடுத்துக்கொண்டு, எடுத்ததைச் சொல்லாமல் போவது திருட்டு மாதிரி இருக்கிறதே என்று அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். ஈரக் கையோடு ஒரு பெண் வந்தாள். “பழம் கெட்டுப்போயிருக்கிறதா?” என்று கேட்டாள். இல்லை, நன்றி சொல்ல வந்தேன், உங்கள் பெயர் என்ன என்றேன். அவள் அரையடி பின்னால் நகர்ந்து, நான் எதையாவது விற்க வந்திருக்கிறேனா, மதம் மாற்ற வந்திருக்கிறேனா என்பதுபோல என் பையைப் பார்த்தாள். “எடுத்துக்கொள்ளுங்கள். விழுந்து அழுகினால் நான்தான் கூட்டவேண்டும்” என்று கதவைச் சாத்திவிட்டாள்.

இதுவும் ஒரு கொடையா என்று இளக்காரமாக நினைத்துக்கொண்டே வீடு திரும்பினேன். எங்கள் பக்கத்தில் கோயிலுக்கு ஒரு டியூப்லைட் கொடுத்தால்கூட, வெளிச்சம் வரும் இடத்தையே மறைத்து ‘உபயம்’ என்று எழுதி, அப்பா பெயர், தன் பெயர், கடைப் பெயர் எல்லாம் போடுவார்கள். கொடுத்தவனை நாலு பேர் அறியவேண்டும், அதுதான் முறை என்று நம்பியிருந்தேன். எனக்கு இப்போது எழுபத்துநான்கு வயது. அந்த நம்பிக்கையை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையில், சாலையை ஒட்டிய ஊர் என்னுடையது. முப்பது ஆண்டுகளுக்கு முன் கணக்கு ஆசிரியராக இங்கே வந்து, ஓய்வு பெற்று, மனைவியை இழந்து, இப்போது தனியாக இருக்கிறேன். பொழுது போகட்டும் என்று நூலகத்தில் புதன்கிழமை காலைகளில் நடக்கும் ‘கிராட்டிட்யூட் சர்க்கிள்’ ஒன்றில் சேர்ந்தேன். வயதானவர்கள் வட்டமாக உட்கார்ந்து, தாங்கள் எதற்கெல்லாம் நன்றியோடு இருக்கிறோம் என்று சொல்வார்கள். அதை நடத்துகிற வெண்டி என்ற அம்மையார் எங்களுக்கு ஆளுக்கொரு நோட்டும் கொடுத்திருந்தார். தினமும் காலையில் மூன்று விஷயம் எழுதவேண்டும். வெயில், காபி, வலிக்காத முழங்கால் என்று வீட்டுப்பாடம் மாதிரி எழுதிக்கொண்டு போனேன். சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமை, நீங்கள் பிறருக்குக் கொடுத்தவற்றில் எதை நினைத்தால் மனம் நிறைகிறது என்று வெண்டி கேட்டார். என் முறை வந்ததும், எங்கள் ஊரில் என் அப்பா நினைவாக நான் போட்டுக்கொடுத்த ஆழ்துளைக் கிணற்றைப் பற்றிச் சொன்னேன். வறண்ட ஊர், சாலையோரத் தொட்டி, வழிப்போக்கர்களுக்குக் குழாய். எல்லோரும் கை தட்டினார்கள். வெண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு “குட் ஆன் யூ”, நல்லது செய்தீர்கள், என்றார். நானும் தலையைக் குனிந்து அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டேன். அந்தக் கிணறு என்ன செய்திருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

எங்களுக்கும் என் சிறுவயதுத் தோழன் சிக்கந்தரின் வீட்டாருக்கும் அடுத்தடுத்த நிலம். எங்கள் இரண்டு வீட்டோடு இன்னும் இரண்டு வீடுகளையும் சேர்த்து ஒரே கிணறு. ஆளுக்கு இரண்டு நாள் முறை. மோட்டார் அறைக்கு ஒரு சாவிதான்; யாருடைய முறையோ அவர்கள் வீட்டில் அது இருக்கும். நான் மதுரையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவுக்குக் கால் ஒடிந்து, அந்தக் கோடை முழுவதும் மதுரையில் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். ஊரில் அம்மா தனியாக, அப்போதுதான் நட்டிருந்த திராட்சைக் கொடிகளோடு போராடிக்கொண்டிருந்தார். கிணற்றில் ஒரு முறைக்கு ஒரு மணி நேரத் தண்ணீர்கூட ஊறவில்லை. ஒரு விடியற்காலையில் எங்கள் கதவுக் கொண்டியில் சாவி தொங்கியது. அன்று முறை ராவுத்தர் மாமாவுடையது. சிக்கந்தரின் தகப்பனாரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். அடுத்த முறையும் சாவி தொங்கியது. அந்தக் கோடையில் பன்னிரண்டு நாள் அவர்கள் தங்கள் தண்ணீரை எங்களுக்கு விட்டார்கள். எங்கள் கொடி பந்தல் ஏறியது. அவர்கள் வாழை தார் சிறுத்துப்போனது. அதைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. விடுமுறைக்கு வந்த என்னிடம் அம்மா சொன்னதும் நான் நேராக ராவுத்தர் மாமாவிடம் போய்க் கையைக் கூப்பினேன்.

“தண்ணிக்குப் போயி கும்பிடு போட வந்துட்டான் பாரு, படிச்ச பய!” என்று அவர் சத்தம் போட்டார். “ஏலே, கெணறு வெட்டையில ஒங்கப்பனும் நானுந்தான் மண்ணு சொமந்தோம். போயி வேலயப் பாரு. சாவியத் தொலைச்சுராம இரு, அது போதும்.”

ஐம்பது வருடம் கழித்து, இங்கே உட்கார்ந்துகொண்டு, அதே கிணற்றின் பக்கத்தில் ஆழ்துளை போட நான் முடிவெடுத்தேன். எங்கள் நிலம் சாலையைத் தொடும் மூலை அது. ராவுத்தர் மாமா காலமாகி வெகுநாளாகியிருந்தது. அந்தக் கிணற்றை நம்பி இன்னும் பயிர் செய்துவந்தவன் சிக்கந்தர் மட்டும்தான். அவன் தொலைபேசியில் சொன்னான்: “மாப்ள, அங்கன வேணாம். கெணத்துக்கும் அதுக்கும் அம்பதடிகூட வராது. ஊத்து ஒடிஞ்சு போயிரும். ஓடைக்கரையில போடு. நான் கூட நின்னு பாத்துக்கிறேன்.”

“ஓடைக்கரையில போட்டா யாருக்குடா தெரியும்?” என்றேன்.

“யாருக்குத் தெரியணும், தண்ணிக்கா?” என்று கேட்டான். சாலையோரம்தான் வேண்டும் என்றேன். “சரிப்பா, ஒன் எடம்” என்று வைத்துவிட்டான்.

நான் அறியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். ஊற்று ஒடியும் என்று நிலத்தில் நிற்கிறவன் சொன்னான். கம்பம் போகிற பேருந்தின் ஜன்னலிலிருந்து பார்த்தால் கல் தெரியவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் நடந்தது. கறுப்புக் கிரானைட்டில் அப்பா பெயர், அதற்கடியில் அதைவிடப் பெரிய எழுத்தில் என் பெயர், பக்கத்தில் ‘நியூசிலாந்து’. திறப்பு விழாவுக்குப் போய்ப் பொன்னாடை போட்டுக்கொண்டேன். ஃப்ளெக்ஸ் பேனரில் கும்பிட்டபடி நின்றேன். சிக்கந்தர் கூட்டத்தின் கடைசியில் நின்று, பிரியாணி சாப்பிடாமல் போய்விட்டான். அதைக் கவனித்தேன். கவனித்தும், பொறாமை என்று முடிவுகட்டினேன். என்னோடு ஒரே ஓடையில் குளித்தவனைப் பற்றி அப்படி நினைக்க என்னால் முடிந்திருக்கிறது.

இரண்டு கோடை தாங்கவில்லை கிணறு. அதற்கடுத்த தை மாதம் நான் போனபோது சிக்கந்தரின் தோட்டத்தில், ராவுத்தர் மாமா பின்னாளில் போட்ட திராட்சைப் பந்தலின் கல்தூண்கள் மட்டும் வரிசையாக நின்றன. கொடி இல்லை. எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒரு பந்தலில் பழம் தொங்கும் பள்ளத்தாக்கு எங்களுடையது. அங்கே வெறும் தூண்களைப் பார்ப்பது, பல் பிடுங்கிய வாயைப் பார்ப்பதுபோல இருந்தது. என்னடா ஆச்சு என்றேன். “வயசாச்சுல்ல மாப்ள, யாரு கவாத்து பாக்குறது? எடுத்துட்டேன்” என்றான். அந்த நேரத்தில் சாலையில் ஒரு ஜீப் வந்து நின்றது. கேரளா மலைக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்கள். அவர்களில் ஒருத்தியாக, தூக்குவாளியோடு சிக்கந்தரின் மருமகள் நசீமா இறங்கினாள். “வாங்க மாமா, எப்ப வந்தீக? டீ குடிச்சீகளா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். சொந்தத் தோட்டத்தில் பழம் வெட்டிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த பெண் அவள்.

நான் கிணற்றை எட்டிப் பார்த்தேன்; அடிப்படி வரை வறண்டு கிடந்தது. நான் பார்த்ததை அவன் பார்த்தான். “விடு. ஊருக்கு நல்லதுதான செஞ்ச” என்றான். ஊருக்கா? வீட்டுக்கு வீடு பஞ்சாயத்துக் குழாய் வந்துவிட்டது. என் குழாயில் யாரும் குடிக்கவில்லை. சனிக்கிழமைகளில் குச்சனூர் கோயிலுக்குப் போகிற வேன்களை நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வழிந்த தண்ணீர் என் பெயரை நனைத்துவிட்டுச் சாக்கடையில் போனது. நான் ஒரு வார்த்தை பேசாமல் மதுரைக்குக் கார் ஏறினேன். இத்தனைக்கும் பிறகுதான் இங்கே வந்து அந்த வட்டத்தில் உட்கார்ந்து அதைப் பெருமையாகச் சொன்னேன்.

கைதட்டல் வாங்கிய அந்தப் புதன்கிழமை வீட்டுக்கு வந்து அந்த நன்றி நோட்டை முதலிலிருந்து வாசித்தேன். நாற்பது பக்கம். வெயில், காபி, பறவை. அந்தப் பன்னிரண்டு நாள் சாவி ஒரு பக்கத்தில்கூட இல்லை. நோட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். வெண்டியின்மேல் கோபப்பட்டேன், அது நியாயமில்லை, அவர் கேள்வியைத்தான் கேட்டார், பொய் சொன்னவன் நான். அங்கே பொழுது விடியும்வரை, அதாவது இங்கே மதியம்வரை காத்திருந்து சிக்கந்தரைக் கூப்பிட்டேன். நூலகத்தில் சொன்னதையும் கைதட்டலையும் மறைக்காமல் சொல்லி, மோட்டாரை எடுத்துவிட்டு ஆழ்துளையை மூடிவிடு என்றேன்.

“வெள்ளக்காரன் இப்பத்தான் கை தட்டி முடிச்சானா?” என்றான். பிறகு அவன் குரல் உயர்ந்தது. இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் கத்தி நான் கேட்டதில்லை. “அன்னைக்கு விடுன்னு சொன்னேன்ல, விடல மாப்ள. ஒரு நாளும் விடல. எங்கத்தா வச்ச கொடி. அருவாள எடுத்து வெட்டையில ஒன்னத்தான் வஞ்சுக்கிட்டே வெட்டுனேன். நீ வந்து எட்டிப் பாத்தியே, அப்பவாச்சும் வாயத் தொறப்பேன்னு நெனச்சேன். காரேறிப் போயிட்ட. இப்ப ஆள விட்டு மூடச் சொல்றியா? நீ போட்டத நீயே வந்து புடுங்கு.”

அந்த வசவில் ஆறுதல் கிடைத்தது என்று எழுதமாட்டேன். சுட்டது. சுடட்டும் என்று சித்திரையில் புறப்பட்டேன். இருதய மாத்திரை சாப்பிடுகிற நீங்கள் கடப்பாரை தூக்கவா போகிறீர்கள் என்று என் மகன் சிட்னியிலிருந்து கத்தினான். ஊரிலும் இரண்டு பேர் வந்து, நல்லது செஞ்சவரே எடுக்கலாமா, நாலு பேரு என்ன பேசுவாக என்றார்கள். அந்த நாலு பேருக்காகத்தான் இதைப் போட்டேன், அதனால்தான் எடுக்கிறேன் என்றேன். மோட்டாரைத் தூக்கவும் குழியை மூடவும் மெக்கானிக் வந்தார். கல்லை மட்டும் நான்தான் பெயர்க்கவேண்டும் என்பது சிக்கந்தரின் உத்தரவு. பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டான்.

“கடப்பாரைய அப்படியா புடிப்பாக? கணக்கு வாத்தியாரு கணக்கு வாத்தியாருதான்” என்றான். அரை மணி நேரம் கழித்து நசீமா மோர் கொண்டுவந்து, மாமனாரிடம் “போதும் அத்தா, மாமா மூஞ்சி செவந்து போச்சு” என்றாள். “செவக்கட்டும் ஆத்தா. நம்ம வெயிலு அவனுக்கு மறந்துபோச்சு” என்றான். கல் சாய்ந்ததும் எங்கே போடுவது என்று கேட்டேன். கிணற்றடியைக் காட்டினான். “கவுத்துப் போடு. துணி தொவைக்க ஆகும். ஒம் பேரு மண்ணப் பாத்துக் கெடக்கட்டும்.”

என்னைப்போல வெளியே போய்க் கொஞ்சம் வசதியானவர்களுக்கு ஒன்று சொல்ல எனக்கு அருகதை இல்லை, ஆனாலும் சொல்கிறேன். ஊருக்குக் கொடுக்க ஆசை வந்தால் முதலில் அந்த மண்ணில் நிற்கிறவனைக் கேளுங்கள். அவன் வேண்டாம் என்றால் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். உங்கள் பெயர் எங்கும் இருக்காது என்று சொன்ன பிறகும் கொடுக்கத் தோன்றுகிறதா என்று பாருங்கள். எனக்குத் தோன்றியிருக்காது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு குடும்பத்தின் தோட்டம் தேவைப்பட்டது. ஒரு கல்லைப் பெயர்த்ததால் கொடி முளைத்துவிடாது. வெட்டிய வேர் வெட்டியதுதான்.

இது ஜூன் மாதம். இங்கே குளிர்காலம், விடாத மழை. புதன்கிழமைகளில் நான் இப்போது நூலகத்துக்குப் போவதில்லை. மதியம் ஒரு மணிக்கு, அங்கே விடிந்திருக்கும் நேரத்தில், சிக்கந்தரைக் கூப்பிட்டுக் கிணற்றில் தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்று கேட்கிறேன். நேற்றும் கேட்டேன்.

“எல்லாப் படியுந்தான் தெரியுது. மலையில சாரல் விழுகுது, இங்கன வரல. அடிப்படியில கைய வச்சுப் பாத்தேன், லேசா ஈரம் இருக்குற மாதிரி இருக்கு. ஈரந்தானா, என் கை வேர்வையான்னு தெரியல.” பிறகு, “அது என்ன சத்தம், மழையா?” என்றான்.

மழை என்றேன்.

“கொஞ்ச நேரம் அப்படியே வச்சிரு.”

தாழ்வாரத்துக்குப் போய், தகரக் கூரையின் பக்கம் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் குழாய் வழியாக இறங்கி, யாருக்கும் தேவைப்படாமல் தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. கை வலித்தது. அந்தப் பக்கம் அவன் பேசவில்லை. வைத்துவிட்டானோ என்று காதில் ஒற்றினேன். வைக்கவில்லை. நசீமாவை ஏற்றிப்போக வந்த ஜீப்பின் ஹாரன் கேட்டது.