துண்டுக்கடியில் கார் விலை

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். எங்கள் அத்தா விலையை வாய்விட்டுச் சொல்கிற எவரையும் நம்ப மாட்டார். அவர் செய்த தொழில் அப்படி. திண்டுக்கல் தோல் மண்டிகளில் அப்போது விலையை வாயால் பேசுகிற வழக்கம் இல்லை. உப்புத் தடவிய ஆட்டுத் தோல்களை முற்றத்தில் விரித்துப் போட்டிருப்பார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் எதிரெதிரே நின்று, தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போட்டுக்கொள்வார்கள். பேரம் எல்லாம் உள்ளே விரலைப் பிடித்துத்தான். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, மூன்று விரலைப் பிடித்தால் மூன்று. அது நூறா ஆயிரமா என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிக்கொள்வார்கள். சுற்றி நிற்கிற பத்துப் பேருக்கும் இரண்டு முகங்கள்தான் தெரியும். யார் ஏற்றினார், யார் இறங்கி வந்தார் என்பது அந்த இரண்டு கைகளோடு சரி.

இப்படிப் பழகிய மனிதரைக் கடைவீதிக்குக் கூட்டிப்போவது பெரிய தண்டனை. ஒரு ஜவுளிக்கடையில் ‘ஒரே விலை’ என்று போர்டு மாட்டியிருந்தார்கள். அத்தா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு வாசலோடு திரும்பிவிட்டார். “ஒரே விலைன்னு எழுதி மாட்டியிருக்கான்னா இன்னொரு விலை உள்ள இருக்குன்னு அர்த்தம்” என்றார். அந்த வருடம் பெருநாளுக்கு எனக்குப் பழைய பாவாடைதான்.

அப்பேர்ப்பட்டவர்தான் கார் வாங்க ஆசைப்பட்டார். ஆசை என்பதுகூடத் தப்பு. அம்மாவுக்கு இருதயக் கோளாறு. மாதம் ஒருமுறை மதுரைக்குப் போய் டாக்டரிடம் காட்டியாக வேண்டும். பஸ்ஸில் போனால் வாடிப்பட்டி தாண்டுவதற்குள் அம்மாவுக்கு மூச்சு வாங்கும், உதடு கறுத்துவிடும். இனிமேல் பஸ்ஸில் ஏற்றினால் என்னிடம் கொண்டு வராதீர்கள் என்று டாக்டர் கோபித்துக்கொண்டார். வாடகைக் கார் என்றால் ஒவ்வொரு தடவையும் அத்தாவுக்கும் டிரைவருக்கும் நடுவழியில் சண்டை. அம்மாவுக்கு அந்தச் சண்டையைக் கேட்டே மூச்சு வாங்கும்.

கையில் பணம் இருந்தால் கார் கிடைத்துவிடுகிற காலம் இல்லை அது. பேரைப் பதிந்து, முன்பணம் கட்டி, வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்தது சின்னத்தா, அத்தாவின் தம்பி. கூட்டுக் குடும்பம் எங்களுடையது. சின்னத்தா அரை டிராயர் போட்ட வயதிலேயே அவருடைய தாய் மௌத்தாகிவிட்டதால் அவரை வளர்த்தது எங்கள் அம்மா. வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மதுரை ஷோரூமுக்கு அவர் கடிதம் எழுதுவார், அங்கிருந்து பதில் வரும். அத்தா அந்தக் கடிதங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கார் வந்ததா இல்லையா என்று ஒரு வரியில் எழுத வேண்டியதற்கு எதற்கு ஒரு பக்கம் என்பது அவருடைய முதல் சந்தேகம்.

எனக்கு ஒன்பது வயதானபோது கார் வந்துவிட்டதாகக் கடிதம் வந்தது. குறித்த நாளுக்குள் பணத்தோடு வராவிட்டால் அடுத்த பேருக்குப் போய்விடுமாம். மறுபடி பதிந்தால் இன்னும் எத்தனை வருடமோ, அதுவரை அம்மா தாங்குவாளா என்று யாருக்கும் தெரியாது. சின்னத்தா தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார்.

“கவர்மெண்டு வச்ச விலை ஒண்ணுண்ணே. அதுக்கு மேல ரசீது இல்லாம கொஞ்சம் கேப்பாங்க. எல்லா ஊர்லயும் கேக்கத்தான் செய்றாங்க.”

அத்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் வந்து, “ஷோரூம்காரன் கேக்கறதுக்கு முன்னாடியே இவன், ‘கேப்பாங்க’ன்னு சொல்றான். ரெண்டு பேரும் பேசி வச்சிருக்காங்க” என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அவன நான் தூக்கி வளத்தவ. வாயக் கழுவுங்க” என்றாள். அத்தா வாயைக் கழுவவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மதுரைக்கு நீயும் வா என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வார்த்தையில் விஷயத்தைச் சொன்னார். “சின்னத்தா எங்க போனாலும் பின்னாடியே போ. சின்னப் புள்ளைய எவனும் கவனிக்க மாட்டான்.”

புறப்படுகிற அன்று காலை சின்னம்மா, அதாவது சின்னத்தாவின் மனைவி, எங்களுக்கு இட்லி எடுத்து வைத்தாள். வைக்கும்போது வளையல் குலுங்கியது. பஸ்ஸில் சின்னத்தா ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். அத்தா மடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் சின்னத்தா மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. பாவம், அவர் எனக்குக் கொடைரோட்டில் கொய்யாப்பழம் வாங்கித் தந்தார். அதையும் ஒரு மாதிரியாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

ஷோரூமில் எங்கள் கார் கறுப்பாக, முகம் பார்க்கலாம் போல நின்றது. மேனேஜர் எழுந்து வந்து, “வாங்க பாய், உக்காருங்க” என்று நாற்காலி போட்டார். எனக்கு ஒரு முக்காலி. அச்சடித்த விலைத்தாளை எடுத்து நீட்டி, விலையைச் சத்தமாகப் படித்தார். அப்போதே அத்தாவின் முகம் மாறிவிட்டது. பின்னாலேயே இன்னொரு தாள் வந்தது. சீட் கவர், கால் மேட், பம்பருக்கு முன்னால் ஒரு கம்பி. வேண்டாம் என்றால் கழற்ற முடியாதாம், காரோடு சேர்ந்தே வருகிறதாம். சீட் கவர் அசல் தோல் என்றார் மேனேஜர்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அத்தா எழுந்து போய்க் கார் கதவைத் திறந்து, சீட்டில் மூக்கை வைத்து முகர்ந்தார். நகத்தால் கீறிப் பார்த்தார். திரும்பி வந்து அமைதியாக, “இது எந்த ஆட்டுத் தோலுங்க?” என்றார். மேனேஜர் அந்த இரண்டாவது தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ரெக்சின் என்று ஒப்புக்கொண்டு அந்தத் தொகையை மட்டும் அடித்தார். பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். எங்கள் அத்தாவை நினைத்து எனக்கு அன்றைக்கு வந்த பெருமை, அதற்குப் பிறகு எத்தனையோ நடந்தும் முழுசாகப் போய்விடவில்லை.

அடுத்து அவர் செய்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. தோளிலிருந்த துண்டை எடுத்து மேனேஜரின் கைமேல் போட்டார். சின்னத்தா கூசிப்போய், “அண்ணே, இங்க இதெல்லாம் கெடையாதுண்ணே” என்றார். மேனேஜர் ஒரு கணம் துண்டைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“ஏனுங்க பாய், எனக்கு நெய்க்காரப்பட்டிங்க. எங்கய்யன் மாட்டுத் தரகருங்க. இதைப் பாத்து எத்தனை வருசமாச்சுங்க” என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ரசீது இல்லாத பணத்தை நாலு பேர் முன்னால் எப்படிக் கேட்பது என்பதுதான் அந்த மனிதருக்கு அன்றாடம் இருந்த சங்கடமாக இருந்திருக்கும். அதற்கு வழியை அத்தாவே வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். “ஆயிரத்துல பேசுவோம்” என்றார் அத்தா. துண்டு நெளிந்தது. மேனேஜர் மூன்று விரல் பிடித்தாராம். அத்தா ஒன்றைப் பிடித்தாராம். பிறகு அவர் மூன்று, மறுபடி இவர் ஒன்று. அத்தாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கடைசியில் அத்தா கையை உருவிக்கொண்டு, “ஒண்ணுக்கு மேல போனா உங்க காரு உங்களுக்கு, எங்க பணம் எங்களுக்கு” என்று எழுந்துவிட்டார். வாசலில் நின்று எங்களை அனுப்பிய அம்மா நினைவுக்கு வந்தாள்.

“இருங்க பாய். முதலாளியை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரனுங்க” என்று மேனேஜர் உள்ளே போனார். சின்னத்தாவும் எழுந்தார். “செத்த நேரத்துல வாரேண்ணே.” அத்தா என்னைப் பார்த்தார். நான் முக்காலியைவிட்டு இறங்கினேன்.

பின்னால் கார் கழுவுகிற கொட்டகை. தரையெல்லாம் தண்ணீர். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டயர் அடுக்குக்குப் பின்னால் நின்றேன். சின்னத்தா எனக்கு முதுகைக் காட்டி நின்றார், மேனேஜர் எதிரே. இரண்டு பேர் கைக்கும் நடுவில் தடியாக ஒரு பழுப்புக் கவர். அந்தப் பக்கம் ஒரு கை, இந்தப் பக்கம் ஒரு கை. கழுவிக்கொண்டிருந்த பையன் தண்ணீரைச் சட்டென்று என் பக்கம் திருப்பினான். நான் துள்ளி விலகி நிமிர்வதற்குள் கவரைக் காணோம். மேனேஜர் சின்னத்தாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். நான் ஓடி வந்து முக்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

மேனேஜர் திரும்பி வந்து தானாகவே துண்டுக்குள் கையை விட்டார். அத்தாவின் முகத்தில் பல் தெரிந்தது. ஒரு விரல். ஆயிரத்துக்கே முடிந்தது. “பாத்தியாடா?” என்று சின்னத்தாவைப் பார்த்து அவர் கேட்ட கேள்வியில் பல வருடத்து மண்டி இருந்தது. சின்னத்தா, “உங்கள மாதிரி யாராலண்ணே பேச முடியும்” என்றார்.

கார் ஓட்டப் பழகியிருந்த சின்னத்தாவே ஓட்டிவந்தார். வாடிப்பட்டியில் நிறுத்தி டீ சொல்ல அவர் இறங்கியதும் அத்தா என் பக்கம் குனிந்தார். நான் கவரைப் பற்றிச் சொன்னேன்.

“யாரு குடுத்தா, யாரு வாங்கினா?”

நான் அதைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குத்தானே கூட்டிவந்தார். ஒன்றும் தெரியாமல் திரும்பினால் அடுத்த தடவை கூட்டிப்போக மாட்டார். அவருக்கு எந்தப் பதில் வேண்டும் என்பதும் அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. “மேனேஜர் குடுத்தாரு. சின்னத்தா வாங்கினாரு” என்றேன். அத்தா எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். நான் பாக்கி வைக்காமல் தின்றேன்.

தெருவே கூடிக் காரைப் பார்த்தது. அம்மா வெளியே வந்து கதவைத் தடவிப் பார்த்துவிட்டுச் சின்னத்தாவைப் பார்த்துச் சிரித்தாள். கூட்டம் கலைந்ததும் அத்தா அவள் முன்னாலேயே கேட்டார். “கமிஷன் எம்புட்டுடா குடுத்தான்?” சின்னத்தாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அம்மாவை ஒருமுறை பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. “விடுங்கண்ணே” என்றார், அவ்வளவுதான். அது அத்தாவுக்கு ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. அடுத்த மாதமே சின்னத்தாவும் சின்னம்மாவும் ஒட்டன்சத்திரத்துக்குக் குடிபோய்விட்டார்கள். அங்கே ஒரு காய்கறிக் கடையில் கணக்கு எழுதினார் என்று கேள்விப்பட்டோம். அந்தக் காரில் அவர் பிறகு ஏறவே இல்லை. அம்மாதான் ஏறினாள். மாதாமாதம் பின்சீட்டில் சாய்ந்தபடி மதுரை போய் வந்தாள். அவளை எங்களுக்கு இன்னும் பல வருடம் வைத்திருந்தது அந்தக் கார்தான்.

எனக்கு நிக்காஹ் முடிவானபோது சின்னத்தா வீட்டுக்குச் சொல்லப் போனோம். அத்தா வரவில்லை. அம்மா சின்னத்தாவோடு முன்னறையில் அழுதுகொண்டிருக்க, நான் அடுப்படியில் சின்னம்மாவோடு இருந்தேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டே சொன்னாள்.

“உங்கத்தா ஒத்தக் கால்ல நிப்பாரு, காரு கைய விட்டுப் போயிரும்னு தெரியும். எங்கத்தா போட்டனுப்பின ஆறு தங்க வளையலையும் கழட்டிக் குடுத்தேன். அத வித்துத்தான் மீதி ரெண்டாயிரத்த இவரு உள்ள கொண்டுபோய்க் குடுத்தாரு. வெளிய சொன்னா உங்கம்மா அந்தக் கார்ல காலு வைப்பாளா? எந்தக் கண்ணவிஞ்சவ என்னத்தப் பாத்துச் சொன்னாளோ.”

நான் அரிந்த வெங்காயத்தை அள்ளிச் சட்டியில் போட்டேன். சொன்னது நான்தான் என்று இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. அத்தாவிடம் மட்டும் சொன்னேன். அவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அவ சொன்னா நம்பிருவியா? நீதான பாத்த?” என்றார்.

“பாக்கல அத்தா. சும்மா சொன்னேன்.”

அவர் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்பது வயதில் நான் சொன்னதைக் கேட்ட மாத்திரத்தில் நம்பியவர், இருபது வயதில் சொன்னதை நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. நிக்காஹ் அன்று சின்னத்தா பஸ்ஸில் வந்து பந்தலின் கடைசியில் உட்கார்ந்தார். அத்தா நேரே அவரிடம் போனார். பக்கத்தில் உட்கார்ந்து, துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போட்டார். உள்ளே எத்தனை விரல் பிடித்தார், எதைப் பேசினார் என்று யாருக்கும் தெரியாது. வெகுநேரம் இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.

மதுரைக்குப் புறப்பட்ட அந்தக் காலையை இப்போதும் நினைத்துக்கொள்வேன். இட்லி வைத்த சின்னம்மாவின் இரண்டு கையிலும் பச்சைக் கண்ணாடி வளையல்கள். நான் அவள் கையைப் பிடித்து ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். “புதுசா சின்னம்மா?” என்றேன். ஆமாம் என்றாள். “பழச விட இதுதான் நல்லாருக்கு. இதுலதான் சத்தம் வருது” என்று சொல்லிவிட்டு, சின்னத்தாவைக் கண்காணிக்க ஓடினேன்.