சாமி அறையில் ஒரு தம்பியின் படம்

எங்கள் வீட்டுச் சாமி அறையில் மனிதர்கள் படம் வைப்பதில்லை. காலமானவர்கள் படம் ஹாலில் இருக்கும். பொட்டும் பூவும் அவர்களுக்குத்தான். உயிரோடு இருப்பவர் படத்துக்குப் பூ வைத்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பதறிப்போவார்கள்.

அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்து ரவுண்ட் ராக்கில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல்கூடத்தில் வேலை பார்க்கிறேன். என்னோடு தட்டு அடுக்குகிறவள் மெக்ஸிகோக்காரி. இரண்டு பேருக்குமே இங்கிலீஷ் அரைகுறை. அதனாலேயோ என்னவோ ஒருத்தி சொல்வது இன்னொருத்திக்கு நன்றாகப் புரியும். ஒரு நாள் அவள் கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். அவள் தம்பி. டயர் கடை வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

எல்லைக்கு அந்தப் பக்கம் அவர்கள் ஊர். போதை மருந்து கடத்துகிற கும்பல் அங்கே கடைக்குக் கடை மாமூல் கேட்குமாம். கொடுத்து மாளாமல் இவன் போலீசில் போய்ச் சொல்லியிருக்கிறான். காலையில் ஸ்டேஷனில் சொன்னதை, சாயங்காலம் கும்பல்காரர்கள் கடைக்கு வந்து அவனிடமே திருப்பிச் சொன்னார்களாம். அதற்குப் பிறகு அவனைக் காணவில்லை.

அவள் அழாமல் சொன்னாள். நான் பீன்ஸ் டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டேன். எனக்கும் அழுகை வரவில்லை.

அவன் வந்தால் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாதென்று அம்மா கதவைத் தாழ்போடுவதில்லையாம். தெருவில் யாரும் அவன் பேரை எடுப்பதில்லை. சுவரில் படம் ஒட்டினால், ஒட்டியது யார் என்று கேட்டு ஆள் வருமாம். ஊர் மேயரிடம் முறையிடப் போன மாமாவிடம், "வீட்டில் இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா?" என்று மட்டும் அவர் கேட்டாராம். மாமா திரும்பி வந்துவிட்டார்.

"உன் சாமிகிட்ட இத வை. உன் சாமிய அவங்களுக்குத் தெரியாது" என்றாள்.

படத்தை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாமி ரூம்ல மனுசன் படத்த வெப்பாங்களா? ஹால்ல எங்கப்பா பக்கத்துல மாட்டீரு."

"ஏனுங்க, அப்புறம் செத்துப்போனான்னு ஆயிருமே."

"உசுரோட இருக்கறானா?"

மாடிப்படியிலிருந்து மகள்தான் சொன்னாள்: "அம்மா, ஹீ இஸ் மிஸ்ஸிங். ஜஸ்ட் கீப் இட் இன் த சாமி ரூம்."

முருகன் காலடியில் சாய்த்து வைத்தேன். பொட்டு வைக்கவில்லை, பூ வைக்கவில்லை. விளக்கேற்றும்போது, "அப்பனே, எங்கே இருந்தாலும் அவன் சாப்பிட்டிருக்கட்டும்" என்று வேண்டிக்கொள்வேன். அதற்கு மேல் என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ளச் சிலரைக் கூப்பிட்டிருந்தேன். மெக்ஸிகோக்காரியையும் கூப்பிட்டேன். நான் உள்ளே சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தெரு ஆன்ட்டி சாமி கும்பிடப் போனார். என் தோட்டத்துச் செண்டுமல்லியில் ஒன்றை எடுத்து அந்தப் படத்துக்குச் சூட்டி, குங்குமமும் வைத்துவிட்டார்.

"யாரும்மா இந்தப் பையன்? ஒரு பொட்டுகூட இல்லாம விட்டுட்டியே! பாவம், எப்ப போனான்?"

"ஐயோ ஆன்ட்டி, அவன்..."

அதற்குள் அவள் கேக் டப்பாவோடு உள்ளே வந்துவிட்டாள். பார்வை நேராகப் படத்துக்குப் போனது. அவர்கள் ஊரிலும் செத்தவர்கள் படத்துக்குச் செண்டுமல்லிதான் வைப்பார்கள்.

"அவனப் பத்தி உனக்கு யாராவது போன் பண்ணாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல, இல்ல. யாரும் பண்ணல. இவங்க தெரியாம வெச்சுட்டாங்க." பூவை எடுக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும். எங்கம்மாவால அங்க ஒரு பூ வைக்க முடியல. இன்னிக்கு மட்டும் இருக்கட்டும். நாளைக்கு எடுத்துடு."

ஆன்ட்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. குங்குமச் சிமிழை நீட்டினார். அவள் குனிந்து நெற்றியைக் காட்டினாள். பிறகு உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள்.

மறுநாள் குளித்துவிட்டு வந்து பூவை எடுத்தேன். குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்தேன். லேசாகச் சிவப்பு நின்றது. இன்னொரு தடவை துடைத்தேன்.

வேலைக்குப் போனதும் அவள் கேட்டாள். "எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"சரி" என்றாள். அன்றைக்குப் பீட்சா நாள். பிள்ளைகள் வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள்.