மைனஸ் பதினெட்டு வோல்ட்

அந்தப் பெட்டி மூன்றாவது முறையாக என் மேசைக்கு வந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ராமநாதபுரத்தில் சோலார் பம்ப் கன்ட்ரோலர் சர்வீஸ் செய்துகொண்டிருந்தேன். பேனலில் வரும் கரண்ட்டை மாஸ்ஃபெட் என்ற சுவிட்சுகள் வேகமாக வெட்டி வெட்டி மோட்டாருக்குக் கொடுக்கும். அந்த மாஸ்ஃபெட்டை ஆட்டிவைப்பது டிரைவர் ஐசி.

கமுதி பக்கம் மிளகாய் போட்டிருந்த முத்துலட்சுமி அக்கா, பெட்டியைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார்.

"பூவெடுத்து நிக்கிது தம்பி. இன்னும் நாலு நாள் தண்ணி பாயலேன்னா அம்புட்டும் கொட்டிப்போகும்."

போன தடவை சொன்னதையே மறுபடியும் சொன்னேன். "சுவிட்ச சும்மா சும்மா போட்டு அமத்துறீங்கக்கா. அதேன் போகுது."

அவர் பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

முதல் தடவை வெந்துபோனது மாஸ்ஃபெட். எங்கள் வெயிலில் தகரப் பெட்டிக்குள் அது தாங்காது. அதனால் அதைக் கழற்றி, ஒரு சாண் ஒயரில் நீட்டி, வெளியே, சூட்டை இழுத்துக் காற்றில் விடும் பெரிய ஹீட்சிங்க்கில் மாட்டிக்கொடுத்தேன். என் சொந்த யோசனை. அதில் எனக்கு ஏகப்பெருமை. அதற்குப் பிறகு இரண்டு தடவையும் போனது டிரைவர் ஐசி.

புது ஐசி போட்டு ஓடவிட்டேன். வோல்டேஜைக் கோடாக வரைந்து காட்டும் ஸ்கோப்பை ஐசியின் காலில் மாட்டினேன். அதில் ஜீரோ கோட்டை எப்போதும் திரையின் அடியோரத்தில்தான் வைப்பேன். வோல்டேஜ் மேலே எவ்வளவு ஏறுகிறது என்பதுதானே கவலை! அன்றைக்குப் பார்க்க வேறு எதுவும் மிச்சமில்லாததால், கோட்டை நடுவுக்கு ஏற்றினேன்.

மாஸ்ஃபெட் ஆஃப் ஆகும் ஒவ்வொரு முறையும் ஜீரோவுக்குக் கீழே ஓர் ஊசி இறங்கியது. மைனஸ் பதினெட்டு வோல்ட். ஸ்கோப்பின் ப்ரோப் முனை பொய் சொல்கிறதோ என்று அதன் கிரவுண்ட் ஒயரைக் குட்டையாக்கிப் பார்த்தேன். அப்போதும் அதே பதினெட்டு. ஐசி கம்பெனி கொடுக்கும் டேட்டா ஷீட்டைப் புரட்டினால், ஐசியின் அந்தக் கால் மைனஸ் ஐந்துவரைதான் தாங்கும் என்று மேக்சிமம் ரேட்டிங்கில் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. கண் சிமிட்டும் நேரத்தில் பல லட்சத்தில் ஒரு பங்குதான் அந்த ஊசி. ஆனால் விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை குத்தினால் ஐசி என்ன செய்யும்?

மாஸ்ஃபெட்டைப் பழையபடி போர்டிலேயே ஒட்டவைத்தேன். ஊசி மைனஸ் மூன்றில் நின்றது. குற்றவாளி நான் நீட்டிய ஒயர்தான். கரண்ட்டைச் சட்டென்று வெட்டும்போது நீளமான ஒயர் எதிர்ப்பக்கமாக உதைக்கும். அதே மாதிரி நீட்டிக்கொடுத்த பெட்டிகள் இன்னும் ஒன்பது வயல்களில் இருந்தன.

சூட்டை இழுக்கப் பெட்டியின் முதுகில் கனமான அலுமினியத் தகட்டை வைத்து, மறுநாள் காலை நானே கொண்டுபோய் மாட்டினேன். தண்ணீர் வந்தது. பாதிச் செடிகளில் பூ உதிர்ந்திருந்தது.

"அக்கா, உங்க மேல தப்பே இல்ல. நாந்தேன் ஒயர நீட்டிக் கெடுத்துட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். "அப்ப நான் ஒண்ணுஞ் செய்யலையா?"

"இல்லக்கா."

"போன தடவ நீங்க சொன்னதுல இருந்து அந்தச் சுவிட்சத் தொடவே பயம் தம்பி. மோட்டார் நல்லா இருந்தப்பவும் மூணு நாள் போடாம, கொடத்துல தூக்கித் தூக்கி ஊத்துனேன்."

அந்த வரப்பிலிருந்தே மற்ற ஒன்பது வயல்காரர்களுக்கும் போன் போட்டேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ரேட்டிங்கில் மைனஸ் பக்கத்தையும் படியுங்கள். ஒயரைக் குட்டையாக வையுங்கள். வாடிக்கையாளரைக் குறை சொல்வதற்கு முன்னால் உங்கள் கை பட்ட இடத்தைப் பாருங்கள். எரிந்த ஐசிக்கு மாற்று ஐசி கிடைக்கும். அக்கா குடம் சுமந்த அந்த மூன்று நாளுக்கு மாற்றாக என்னிடம் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை.