ஆரம்பாக்கத்தில் இறங்குகிறவன்

குடியை விடுவதும் ஒரு தொழில்தான். சம்பளம் கிடையாது, ஷிப்ட் முடிந்தது என்று சங்கு ஊதாது, ஒருநாள் லீவு போட்டாலும் ஆள் காலி. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டு என்னைப் போல் அவதிப்படும் சகோதரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அப்போது கவரைப்பேட்டைப் பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். மனைவி சரோஜா மகளைத் தூக்கிக்கொண்டு ஊத்துக்கோட்டையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் விட்டது நிஜம் என்று தெரிந்தால்தான் வருவாளாம். அவள் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

விசாரித்த லட்சணம்

சாராயக்கடைகளை அரசாங்கம் மறுபடி மூடியிருந்த சமயம். குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டம் ஒன்று நம் பக்கம் நடப்பதாக ஆஸ்பத்திரி கம்பவுண்டர் சொன்னார். எங்கே என்று அவருக்கும் தெரியாது. கும்மிடிப்பூண்டி டீக்கடையில் குரலைத் தாழ்த்தி, "இந்தக் குடி விஷயமா நாலு பேர் கூடுவாங்களாமே, எங்க?" என்று கேட்டேன். டீக்கடைக்காரர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஏரிக்கரைப் பனந்தோப்பைக் கண்ணால் காட்டினார்.

பட்டறைக் காக்கி பேன்ட்டோடு போனது என் தப்பு. தோப்பில் பானையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் என்னைக் கண்டதும் எடுத்தார்கள் ஓட்டம். ஒருவர் மட்டும் வேர் தடுக்கி விழுந்து, விழுந்தபடியே கும்பிட்டார்: "சத்தியமா இன்னும் அடுப்பே பத்த வெக்கல சார்!"

டிக்கெட்

கம்பவுண்டரே பிறகு விசாரித்துச் சொன்னார். ஆரம்பாக்கத்தில், நெல் மண்டியின் பின்னறையில், சனிக்கிழமை சாயங்காலம். நடத்துபவர் ரிடையர்டான ரயில்வே கார்டு. ஆரம்பாக்கத்துக்கு அடுத்த ஸ்டேஷன் தடா. அது ஆந்திரா, அங்கே சாராயம் பகிரங்கமாகக் கிடைக்கும். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் நம் பக்கத்துத் தாகமெல்லாம் அந்த ரயிலில்தான் போகும். போகிறவனை ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறக்கிவிட வேண்டும் என்பது கார்டு சாரின் கணக்கு.

ஆளுக்கு ஆள் இன்றைக்கு என்ன சரக்கு என்று பேசிக்கொண்டு வரும் பெட்டியில் உட்கார்ந்து, நடுவில் எழுந்து இறங்குவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கவரைப்பேட்டை டிக்கெட் கிளார்க்குக்கும் என் மேல் இரக்கம் வந்துவிட்டது: "வெக்கப்படாத நைனா, தடாவுக்கே வாங்கிக்க. ஆரம்பாக்கம்னு வாங்கறவன் அல்லாரும் அங்கதான் எறங்கறான்."

ரகசியம்

பேரும் ஊரும் சொல்லக்கூடாது என்பது கூட்டத்தின் விதி. மெட்ராஸில் அப்படித்தான் நடத்துகிறார்களாம். பழவேற்காட்டிலிருந்து வந்த மீன்காரர் ஒருவர் எழுந்தார். "பேர் வேணாம், விஷயத்தை மட்டும் சொல்லுங்க" என்றார் கார்டு சார். மீன்காரர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "யாராண்ட சார் மறைக்கிறது? இவுங்க ரெண்டு பேரும் எங்கூட குடிச்சவங்க, இவரு என்னிய தூக்கினு போய் ஊட்ல போட்டவரு, நீங்க என்னிய டிக்கெட் இல்லாம புட்ச்சவரு!"

மச்சினன்

திரும்பி வரும் ரயில் தடாவிலிருந்து வருவது. பெட்டி முழுக்க நாற்றம். உட்கார்ந்து வந்தாலே நம் சட்டையும் நாறும். ஒரு சனிக்கிழமை ஆரம்பாக்கத்தில் ஏறினால், எதிர் சீட்டில் சரோஜாவின் தம்பி மணி, கண் சொருகிப்போய். "மாமா! நீயும் அங்கதானா? ஒன்னியக் காணவே இல்லியே!" என்று கட்டிக்கொண்டான். கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

மறுநாளே ஊத்துக்கோட்டை போய், தான் எங்கே போய் வந்தான் என்பதை மட்டும் விட்டுவிட்டு, மற்றதை ஒப்பித்திருக்கிறான்: "அக்கா, மாமா திருந்தல. ஆரம்பாக்கத்துல கூட்டம்னு கதை வுட்றாரு. தடா ரயில்ல என் கண்ணால பாத்தேன்."

சரோஜா

கேள்விப்பட்டதும் எனக்கு மனசே விட்டுப்போயிற்று. குடிக்காமலேயே பேர் கெட்ட பிறகு குடித்தால்தான் என்ன? அடுத்த சனிக்கிழமை ரயில் ஆரம்பாக்கத்தில் நின்றது. நான் எழுந்திருக்கவில்லை. ரயில் நகர்ந்தபோது வாசலுக்கு ஓடிக் குதித்துவிட்டேன். பேன்ட் கிழிந்து முட்டி பெயர்ந்தது.

நொண்டிக்கொண்டே போய்க் கூட்டத்தில் அதைத்தான் சொன்னேன். பயமாக இருக்கிறது, ஒவ்வொரு சனிக்கிழமையும் பயமாக இருக்கிறது என்று சொல்லி அழுதேன். வாசல் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இடுப்பில் மகளோடு சரோஜா. என்னைக் கையும் களவுமாகப் பிடிக்க அதே ரயிலில் பெண்கள் பெட்டியில் வந்திருக்கிறாள். நான் இறங்குகிறேனா என்று பார்க்க ஆரம்பாக்கத்தில் இறங்கி, பிளாட்பாரத்தில் என்னைக் காணாமல் நின்றிருக்கிறாள்.

கார்டு சார் பதறி எழுந்து, "அம்மா, இவர் விட்டுட்டார். நாங்க அத்தனை பேரும் சாட்சி" என்றார். அவள் மகளை மீன்காரரிடம் கொடுத்துவிட்டு, முந்தானையைத் தண்ணீரில் நனைத்து என் முட்டியைத் துடைத்தாள். "சாட்சியெல்லாம் வாணாம் சார். இவரு உழுந்தத நானே பாத்தேன்."

எத்தனையோ முறை குடித்து விழுந்து தொலைத்த குடும்பம், குடிக்காமல் ஒரே ஒரு முறை விழுந்ததில் எனக்குத் திரும்பக் கிடைத்தது.