தேர் அன்று பார்த்த அடுப்பு

திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தும் தீபத் திருவிழாத் தேரைத் தவறவிட்ட பிள்ளை அந்த வருஷம் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஊரே மாட வீதியில் நிற்க, ஐந்தாம் வகுப்பு படித்த என்னை அம்மா ஜீப்பில் ஏற்றி ஜவ்வாது மலைக்குக் கூட்டிப்போனாள். வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை.

அம்மாவுக்கு வேங்கிக்காலில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. மலைவாழ் மக்களின் வீடுகளில் புகையில்லா அடுப்பு கட்டித் தரவேண்டும். பாதி விறகு போதும், கண் எரியாது என்று வீடு வீடாகக் கெஞ்சியும் ஒரே ஒரு அக்காதான் சம்மதித்திருந்தார். அவர் வீட்டில் கட்டிய அடுப்பைப் பார்க்கச் சென்னையிலிருந்து அதிகாரி வந்தார். அவர் சரி என்றால்தான் திட்டம் தொடரும், அம்மாவின் வேலையும் நிலைக்கும்.

அம்மா அவரை எதிர்கொள்ளப் போனபோது நான் அந்த அக்கா வீட்டின் பின்பக்கம் திரிந்தேன். சுவருக்கு வெளியே நீட்டியிருந்த புகைக்குழாயின் வாயில் யாரோ கோணித்துணியைத் திணித்திருந்தார்கள். கல்லின் மேல் ஏறிப் பிடுங்கி விறகுக்குள் ஒளித்தேன். புகை குபுகுபுவென்று வெளியேறியது. அம்மாவைக் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்குத் தாங்கவில்லை.

அதிகாரிக்கும் தேர் பார்க்கும் அவசரம். நின்றபடியே பார்த்து, தாளில் 'ஓகே' போட்டுவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

"கையில என்னடி கரி?" என்றாள் அம்மா. சொன்னேன். அவள் முகம் மாறியது. அந்த அக்காவிடம் போய்க் கேட்டாள்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டு, அடுப்புக்கு மேலே தொங்கிய விதைச் சோளக்கதிர்களைக் காட்டினார். "வெறகு கம்மியாதாம்மா ஆவுது. ஆனா பொகை படலன்னா வண்டு வுழுந்துடுது. வெத போச்சுன்னா என்னாத்த வெதைக்கிறது? ஆசையா கட்டிக் குடுத்தீங்க, எப்பிடிச் சொல்றதுன்னுதான்..."

அம்மா காருக்கு ஓடினாள். "சார், போட்ட ஓகேவ அடிச்சிடுங்க. குழாய அடைச்சுதான் வெச்சிருந்தாங்க. தப்பு அவங்க மேல இல்ல, என் மேலதான். வெதையப் பத்தி நான் கேக்கவே இல்ல."

"நானே விட்டுட்டேன், உங்களுக்கு என்னம்மா?" என்று அலுத்துக்கொண்டவர், 'மறு ஆய்வு' என்று எழுதிவிட்டுத் தேர் பார்க்கப் போய்விட்டார். எனக்கு அம்மாவின் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அவளோ அக்காவோடு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை நாளுக்கு ஒரு முறை புகை வேண்டும், எவ்வளவு நேரம் வேண்டும் என்று அக்கா சொல்லச் சொல்ல, நல்ல மாணவி மாதிரி எழுதிக்கொண்டாள். குழாயில் கதிருக்குக் கீழே ஒரு ஓட்டை போட்டு, அதற்குத் தகர மூடி வைப்பது என்று முடிவானது. திறந்தால் புகை கதிருக்குப் போகும், மூடினால் வெளியே போகும்.

ஜீப் கிளம்பும்போது பக்கத்து வீட்டு அம்மாள் ஓடிவந்து மறித்தார். அடுப்பே வேண்டாம் என்று முன்பு கதவைச் சாத்தியவர் அவர்.

"அந்த மூடி வெச்ச அடுப்பு எங்க வூட்டுக்கு எப்ப கட்டுவீங்க?"

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், கண் கலங்கிவிட்டது. "அடுத்த லீவுக்கே வந்துர்றேங்க" என்றாள்.

அந்த லீவும் போச்சா என்று நான் ஆரம்பித்த அழுகை, போளூர் வரைக்கும் ஓயவில்லை.